உனக்கு பைம்மா

இன்று காலைச் செய்தித்தாளில், விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னச் செய்தி. எங்கோ நடக்கும் இறகுப்பந்துப் போட்டியில் யாரோ ஒரு பெண் 'முதல் சுற்றில் பை பெற்று இரண்டாம் சுற்றுக்கு முன்னேறினார்' என்று போட்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். காப்பி ஆறிப்போய்விட்டது.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது; கையில் இருக்கும் போனிடம் கேட்டால் உடனே அர்த்தம் வந்துவிடும் அவர்களுக்கு. நாம் சிறுசாக இருந்தபோது ஓர் இங்கிலீஷ் சொல் காதில் விழுந்தால், யார் வாயிலிருந்து எந்த நேரத்தில் விழுந்ததோ, அதுதான் அதற்கு அர்த்தம். கேட்க ஆள் இருந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இல்லாதவர்கள் தாங்களாகவே ஓர் அர்த்தத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினோம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. உப்பளம் என்கிற பகுதியில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்துக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா மில்லில் நெசவுப் பகுதியில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தறிச் சத்தத்திலேயே நின்று நின்று, வீட்டில் பேச்சு குறைந்துபோன மனிதர். அம்மாவின் முகம் எனக்குப் போட்டோவில்தான் தெரியும். சாப்பாடு போட்டது, தலை வாரியது, காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போட்டது எல்லாம் அக்கா.

அந்த அக்கா பள்ளிக்கூடத்து ஷட்டில் டீமில் ஆடியவள். பழசாகிவிட்டது என்று பள்ளியில் கழித்துவிட்ட இரண்டு மர பேட்டுகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அந்த பேட்டுகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழைக்காலத்தில் வளைந்துவிடக் கூடாது என்று மரச்சட்டத்துக்குள் வைத்து நாலு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கி வைப்போம். திருகாணியைத் திறக்கும்போது பழைய வார்னிஷும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை வரும். இப்போது அந்தச் சட்டம் எங்குமே கிடைப்பதில்லை.

எங்கள் வீட்டு வரிசைக்கும் எதிரே இருந்த பழைய கிடங்குக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் கயிறு கட்டி நானும் அக்காவும் சாயங்காலம் ஆடுவோம். ஷட்டில் காக்கின் இறகு முறிந்தால் மெழுகை உருக்கி ஒட்டிக் கொடுப்பாள். கோணலாகப் பறக்கும், ஆனால் பறக்கும். எனக்கு ஒழுங்காக அடிக்க வராத நாளில்கூட அவள் அலுத்துக்கொண்டதில்லை. "எங்க அடிச்சாலும் நான் திருப்பி அனுப்புறேன், நீ பாட்டுக்கு அடி" என்பாள்.

அந்த வருஷம் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. எங்கள் ஊரில் சிப்பாயை அப்படித்தான் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணம் முடிந்து அவர் முதலில் போய்விட்டார். சித்திரையில் அக்காவுக்குக் காகிதங்கள் வந்தன, டிக்கெட்டும் வந்தது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் முழுக்க அக்கா என்னிடம் பேசியதெல்லாம் விமான நிலையத்தைப் பற்றித்தான். மாமா வீட்டார் சொல்லிக் கொடுத்ததை எனக்கும் சொல்வாள். "அங்கல்லாம் போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்களாம்டி. பைன்னு சொல்லணுமாம். கையை இப்பிடி ஆட்டணும்." சிலேட்டில் இங்கிலீஷில் எழுதியும் காட்டினாள். பி, ஒய், ஈ. அந்த மூன்று எழுத்தையும் நான் பாடத்தைவிட நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

மெட்ராஸுக்குப் போகிற வாடகைக் காரில் எனக்கு இடமில்லை. அப்பா, மாமாவின் அண்ணன், அவர் மனைவி, பெட்டிகள். "நீ இருந்துக்க, அத்தை பாத்துக்குவாங்க" என்றார் அப்பா. அத்தை என்றால் பக்கத்து வீட்டுக்காரி; உறவில்லை. கார் நகர்ந்தபோது அக்கா சன்னலிலிருந்து தலையை நீட்டினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "பை" என்றாள். கையை ஆட்டினாள். மாமாவின் அண்ணன் ஏதோ சொல்லிச் சிரித்தார். கார் முனையில் திரும்பிவிட்டது.

எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொன்னதே கிடையாது. மில்லுக்குப் போகும்போதுகூட அப்பா 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வார். அதில் 'வரேன்' இருக்கிறது. 'பை'யில் அது இல்லை. பதினொரு வயதுப் புத்திக்கு அந்தக் கணக்கு மிகச் சரியாகப் பட்டது. திரும்பி வராத போக்குக்கு இங்கிலீஷில் பை என்று பெயர்.

வைகாசி வெயிலில் அந்தச் சந்தில் நான் தனியாக ஆடப் பார்த்தேன். கயிற்றைக் கழற்றிவிட்டு கிடங்குச் சுவரில் அடித்தேன். பந்தாக இருந்தால் சுவர் திருப்பி அனுப்பும். காக் அப்படி இல்லை. சுவரில் பட்டவுடன் அதன் உயிர் போய்விடும்; காலடியில் பொத்தென்று விழும். குனிந்து எடுப்பேன், அடிப்பேன், விழும். எதிரில் ஓர் ஆள் இல்லாமல் ஆடவே முடியாத விளையாட்டு அது என்று அந்தக் கோடையில்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "சொவத்தோட என்னாடி சண்டை ஒனக்கு?" என்பாள். அவளை ஆடக் கூப்பிட்டேன் ஒரு நாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் பள்ளி டிரில் டீச்சர் வீட்டுக்கு வந்தார். உப்பளம் மைதானத்தை ஒட்டி இருந்த தகரக் கூரைக் கூடத்தில் ஓர் இளைஞர் மன்றம் லீவுப் போட்டி நடத்துகிறது, பள்ளிக்கு ஒரு பெண் வேண்டும், "ஒங்க அக்கா இருந்தா அவளைப் போட்டிருப்பேன், இப்ப நீதான் இருக்க" என்றார். எனக்கு அந்த வார்த்தைகூட வலிக்கவில்லை. எதிரில் ஆள் இருக்கும். அது போதுமாக இருந்தது. "மொத நாளு எனக்கு வேற வேல இருக்கு. நீ போய் ஆடிடு. மறுநா நான் வரேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் காலையிலேயே போய்விட்டேன். அப்பா ஷிப்டில் இருந்தார். தகரக் கூரை சூடேறிப் படபடவென்று வெடிக்கிற சத்தம். உள்ளே பிள்ளைகளோடு அம்மாக்கள், அண்ணன்கள், கூஜாவில் தண்ணீர், எலுமிச்சம்பழ வாசனை. கோட்டில் தெளித்த சுண்ணாம்பு மூக்கில் ஏறியது. சுவரில் சாய்த்து வைத்த கறுப்புப் பலகையில் யார் யாருக்கு எதிராக ஆடுவது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இன்னொரு பெயர். என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கு எதிரில் பெயர் இல்லை. பி, ஒய், ஈ.

என் பக்கத்தில் என்னைவிட உயரமான ஒரு பெண், தலையில் முக்காடு போட்டு, பாவாடைக்குள் நீளக் கால்சட்டை அணிந்து, அதே பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் கேட்டிருக்கலாம். அவள் முகம் அவ்வளவு மும்முரமாக இருந்தது, கேட்கத் தோன்றவில்லை. பலகையில் எழுதிக்கொண்டிருந்த காலேஜ் அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, எனக்கு எப்போ?"

அவர் திரும்பவில்லை. என் பெயரைக் கேட்டு, பலகையில் விரலை ஓட்டி, "உனக்கு பைம்மா. போலாம்" என்றார்.

"ஆட வேணாமா?"

"அதான் பை போட்டிருக்கே. போம்மா, வெயில் ஏறுது."

அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு ஆட்டம் இல்லை, வீட்டுக்குப் போய் மறுநாள் வந்தால் போதும் என்றுதான் அவர் சொன்னார். வெயில் ஏறுது என்று அக்கறையாகவும் சொன்னார். என் காதில் விழுந்தது வேறு. அக்கா கையை ஆட்டிவிட்டுப் போனது போல, இவர்கள் கையைக்கூட ஆட்டாமல் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். என் பெயரை எல்லோரும் பார்க்கும்படி எழுதி, எதிரில் 'போ' என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் முதல் ஆட்டம் தொடங்கிவிட்டது. யாரோ "லவ் ஆல்" என்று கூவினார்கள். ஷட்டில் காக்கை மாறி மாறி அடிக்கிற அந்தச் சத்தம், டப் டப் என்று, தெருமுனை வரைக்கும் கேட்டது.

மறுநாள் நான் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம். சாயங்காலம் டிரில் டீச்சர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு அப்பாவிடம் சொன்னார்: "ஒங்க பொண்ணு பயந்துகிட்டு வரல. பள்ளிக்கூடத்து மானத்தை வாங்கிட்டா. பெரியவ மாதிரி இவ இல்லீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. அவர்கள்தானே போகச் சொன்னார்கள் என்று எனக்குள் ஓடியது. ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் வாசலில் நின்று பேசும்போது நடுவில் சொல்கிற பழக்கம் நமக்கு உண்டா? டீச்சர் போனதும் அப்பா இரண்டு பேட்டையும் எடுத்து, சட்டத்துக்குள் வைத்து, திருகாணிகளை நிதானமாக முடுக்கி, பரணில் தூக்கிப் போட்டார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றைக்கு அது தண்டனை என்றுதான் நினைத்தேன். இப்போது அவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. அந்த பேட்டைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைக்கு அக்கா ஞாபகம் வருகிறது, அதனால்தான் இப்படி ஆகிறது, கண்ணில் படாமல் எடுத்து வைத்தால் சரியாகிவிடும் என்று அந்த மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்கும் அந்தச் சந்தைப் பார்க்க முடியாமல் இருந்திருக்கலாம். யார் வந்து கேட்டாலும் "புள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு மட்டும் வேறு முடிவு. "இது பயந்த கோளாறுங்க. கூட்டத்தப் பாத்து மெரண்டிருக்கு. ஓதிட்டு வந்தா சரியாப் பூடும்" என்றாள். நம் ஊரில் எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும் பிள்ளை பயந்தால் பள்ளிவாசலுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சாயங்காலத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள், வாசலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். தொடர்ந்து மூன்று சாயங்காலம் போக வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. பதினொரு வயதுப் பெண்ணை இடுப்புக் குழந்தைகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் நாள். அத்தர் வாசனையும் ஈரப் பாயின் வாசனையுமாக ஒருவர் குனிந்து என் நெற்றியில் ஊதிவிட்டுப் போனார். குளிர்ச்சியாக இருந்தது. கண்ணைத் திறந்தால், எதிர்ப்பக்கத்துக் குடைக்கடையின் மாடிச் சன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். அந்த முகம் உடனே மறைந்தது. படியில் தடதடவென்று சத்தம். அந்த உயரமான பெண் செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"நீதானே அது?"

நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீதான். போர்டுகிட்ட நின்ன இல்ல? ஏன் வரல?"

எத்தனையோ பேர் என்னைப் பற்றிப் பேசியிருந்தார்கள் அந்த மூன்று நாலு நாளில். பயந்துட்டா, காய்ச்சல், ஏக்கம், கோளாறு. ஏன் வரல என்று என்னிடமே கேட்டது அவள் ஒருத்திதான்.

"பைன்னு போட்டிருந்தாங்களே" என்றேன்.

"ஆமா. அதுக்கு?"

"போகச் சொல்லிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே அதை விட்டுவிட்டாள். "அடியே, பைன்னா போறது இல்லடி. மொத ஆட்டம் ஆடாமயே ஜெயிச்ச மாதிரி. ஆளு கணக்கு சரியா வரலன்னா சிலருக்கு எதிர்ல ஆளு இருக்காது இல்ல, அவங்கள அடுத்த ரவுண்டுக்கு ஏத்தி விட்ருவாங்க. எனக்கும் அன்னிக்கு பைதான். எங்க அண்ணன் சொன்னாங்க. மறுநா ஒனக்கு எங்கூட ஆட்டம்."

"உன்கூடயா?"

"எங்கூடத்தான். நான் பாட்டுக்கு கோர்ட்டுல நிக்கிறேன். ஒன் பேரக் கூப்புடுறாங்க, கூப்புடுறாங்க, நீ வரவே இல்ல. அப்புறம் வாக்கோவர்னு சொல்லி என் கையத் தூக்கி விட்டாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் காக்கத் தொடக்கூட இல்ல."

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. அவள் அத்தா, அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், போட்டியில் ஒரே ஓர் ஆட்டம் ஆடலாம் என்று அனுமதி கொடுத்திருந்தாராம். மாதக்கணக்கில் கெஞ்சி வாங்கிய அனுமதி. வாக்கோவர் சொன்னதும், "ஒரு ஆட்டம் முடிஞ்சுது, ஜெயிச்சும் ஆச்சு, வா" என்று சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். வாக்குத் தவறாதவர். அனுமதித்த அந்த ஓர் ஆட்டம் நடக்கவே இல்லை என்பது அவருக்கு விளங்கவில்லை.

"எனக்கு அந்த ஆட்டம் வேணும்" என்றாள் அவள். "நாளைக்கும் ஓத வருவீங்க இல்ல? சீக்கிரமா வா. எங்க மாடில ஆடலாம். எங்க அண்ணன் பேட்டு இருக்கு ஒனக்கு."

அத்தை நடுவில் புகுந்து, "ஆரும்மா நீ? புள்ளயே மெரண்டுபோய்க் கெடக்குது" என்றாள்.

"மெரளல, பெரியம்மா" என்றாள் அவள். "இவளுக்கு யாரும் சொல்லல, அவ்ளோதான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி வந்தபோது பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், நான் என் மேசையிலேயே சாப்பிட்டுப் பழகிவிட்டேன். விடைபெறும் பை வேறு, விளையாட்டுப் பை வேறு என்று போட்டிருந்தது. முன்னது 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்ற முழு வாக்கியம். வாய்க்கு வாய் தேய்ந்து தேய்ந்து கடைசியில் கடவுளும் போய், உன்னோடு என்பதும் போய், அந்த ஓரெழுத்துச் சத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அக்கா காரிலிருந்து எனக்குச் சொன்னது அதுதான் என்றால், அவளுக்கே தெரியாமல் என்னை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

விளையாட்டில் வருவது 'பக்கத்தில்', 'ஒதுக்குப்புறமாக' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகும் பைபாஸ் ரோட்டில் இருப்பதும் அதே சொல்தான். ஜோடி சேராமல் மிச்சப்பட்டவரை ஒதுக்கி நிறுத்துவது. கிரிக்கெட்டில் மட்டையில் படாமல் பக்கமாகப் போன பந்துக்கு ஓடி எடுக்கிற ஓட்டமும் அந்தக் குடும்பம். வாக்கோவரையும் விடவில்லை, பார்த்தேன். குதிரைப் பந்தயத்தில் போட்டிக்கு வேறு குதிரையே இல்லாவிட்டால், இருக்கிற ஒற்றைக் குதிரை ஓட வேண்டியதில்லை, பாதை முழுக்கச் சும்மா நடந்து கடந்தால் ஜெயித்ததாகக் கணக்காம். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. டிபன் டப்பாவை மூடிவிட்டேன்.

போன வருஷம் அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். அங்கே அவளுக்கும் வயதாகிவிட்டது, மாமா இல்லை, பிள்ளைகள் வேறு வேறு ஊரில். அவள் "இங்க அதுக்கு எக்ஸான்னு சொல்லுவாங்க. வெலக்குன்னு அர்த்தம். ஒங்க மாமாவுக்கு முட்டி வலின்னு ரெஜிமான்ல, பட்டாளத்துல, வேல குடுக்காம விட்டாங்களே, அதுக்கும் அதே வார்த்தைதான்" என்றாள். பிறகு, "நீ ஏன்டி எனக்கு அப்பவே எழுதல?" என்றாள். என்ன எழுதுவது? அவள் எழுதிய கடிதங்களில் எல்லாம் பனி பெய்கிறது, நான் நன்றாக இருக்கிறேன் என்றே இருந்தது. நானும் நன்றாக இருக்கிறேன் என்றே எழுதினேன். இப்போது தெரிகிறது, இரண்டு பேரும் பொய்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

சரி, அந்த மாடிக்கு வருகிறேன்.

மறுநாள் வெயில் தாழ்வதற்கு முன்பே அத்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டேன். கீழே குடைக்கடையில் அவள் அத்தா கறுப்புக் குடைகளை விரித்து விரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்துப் படி வழியாக மாடிக்கு ஏறினோம். அவள் அம்மா எங்களை எதிர்பார்த்து நன்னாரி சர்பத் கலந்து வைத்திருந்தார்கள். பருமனான உடம்பு, சிரித்த முகம். "வாங்க, வாங்க. ஆட்டமே நடக்கலன்னா அது எப்பிடி ஒண்ணுன்னு கணக்குல வரும்? நானும் இவ அத்தாகிட்ட கேட்டுப் பாத்தேன், அதான் ஜெயிச்சாச்சேங்கிறாரு" என்றார்கள். அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்து, "கீழ சத்தம் கேக்காம குதிங்க புள்ளைங்களா" என்றார்கள்.

அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் ஆள் உயரத்துக்குமேல் இருந்தது. பெண்கள் நிற்பது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று கட்டியது. அதனால் கடற்காற்றும் உள்ளே வரவில்லை. மேலே வானத்தில் காற்று ஓடிக்கொண்டிருந்தது, காக்காய்கள் சாய்ந்து சாய்ந்து பறந்தன. எங்கள் காக் மட்டும் நேராகப் பறந்தது. துணி காயப்போடும் கொடியில் ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டு நெட் ஆக்கினோம். செங்கல் பாவிய தரை இன்னும் சுட்டது. அவள் முக்காட்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

அவள் அம்மாதான் ரெப்ரி. ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையில் எனக்கு, மறு கையில் மகளுக்கு என்று விரல் மடக்கி எண்ணினார்கள். அஞ்சுக்குமேல் போனதும் விரல் போதாமல் அத்தையின் கைகளையும் கடன் வாங்கிக்கொண்டார்கள். நம் காலத்தில் பெண்களுக்குப் பதினோரு புள்ளிதான். சர்வீஸ் போட்டவருக்கு மட்டும்தான் புள்ளி ஏறும், ஞாபகம் இருக்கிறதா? அதனால் ஆட்டம் நீளும்.

முதல் சர்வீஸை நான் போட்டேன். அது புடவைக்கு மேலே போனது. போய், திரும்பி வந்தது.

அவ்வளவுதான் நடந்தது. இருந்தாலும் எனக்கு அந்தக் கணத்தில் என்ன ஆயிற்று என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. சுவருக்கு முன்னால் நின்ற அத்தனை நாளுக்குப் பிறகு, நான் அடித்த ஒன்று திரும்பி வருகிறது. அதை வேடிக்கை பார்த்தே விட்டு, சர்வீஸை இழந்தேன். "என்னடி நிக்கிற?" என்று கத்தினாள் அவள்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. அவளுடைய அண்ணன் பேட் எனக்குக் கனம், பிடி வழுக்கியது. அவள் எனக்காக விட்டுக்கொடுக்கவே இல்லை. மூலைக்கு மூலை ஓடவிட்டாள். நான் நெட்டுக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டிப் போட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு பாய்ந்து எடுப்பாள். மூன்றுக்கு ஆறு, ஆறுக்கு ஆறு, எட்டுக்கு எட்டு வரை வந்துவிட்டேன். அத்தை ஓத வந்ததையே மறந்துபோய், "அடிடி, அந்தப் பக்கம் அடிடி" என்று எழுந்து நின்றாள். கடைசியில் அந்தப் பெண் என் தலைக்கு மேலே பின்னால் தூக்கிப் போட்டாள். பின்பக்கமாகவே ஓடிக் கைப்பிடிச் சுவரில் மோதிக்கொண்டேன். காக் கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது.

பதினொன்றுக்கு எட்டு.

அவள் புடவைக்கு அடியில் குனிந்து வந்து என் கையைப் பிடித்தாள். இரண்டு பேர் கையும் வியர்வையில் வழுக்கியது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. பாங்குச் சத்தம் கேட்டது. அவள் அம்மா புடவையை நெட்டிலிருந்து உருவிக்கொண்டு எழுந்தார்கள்.

தொழுகை முடிந்து வந்தவர் என்னைப் பார்த்து, "என்னம்மா, புள்ளைக்கு இப்பிடி வேத்துக் கொட்டுது?" என்று கேட்டார். "பயம் எறங்குதுங்க" என்றாள் அத்தை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மூன்றாம் நாள் நாங்கள் போனபோது மாடியில் விருந்தாளிகள். அவள் சன்னலிலிருந்து தலையாட்டினாள், அவ்வளவுதான். பள்ளி திறந்தது, அவள் வேறு பள்ளி. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே குடைக்கடையைக் காரைக்காலுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அத்தை வந்து சொன்னாள். எந்தத் தெரு என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. அந்த வீடு இப்போது வெள்ளையடித்து, பூந்தொட்டி வைத்து, வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது. கைப்பிடிச் சுவரை இடித்து இடுப்பளவுக்குக் குறைத்துவிட்டார்கள், கடல் தெரிய வேண்டும் என்று.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். அக்கா போனதிலிருந்து அவர்தான் வடிப்பார். கஞ்சியோடு சோறும் கொஞ்சம் போய்விடும். அத்தை வாசலில் நின்று, "ஓதிட்டு வந்துட்டோம்ணே" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள்.

அப்பா என் முழங்கை சிராய்ப்பைப் பார்த்தார். "எங்க விழுந்த?"

சொல்லக்கூடாது என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

"வெளையாடினேன்பா" என்றேன். "அந்தப் பொண்ணுகூட. போட்டில எனக்கு எதிரா ஆட வேண்டிய பொண்ணு. நான் பயந்துகிட்டு ஓடலப்பா. போகச் சொன்னாங்கன்னு நெனச்சிட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "இன்னிக்குத் தோத்துட்டேன்."

அவர் பானையைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். புருவத்தில் பஞ்சு இருந்தது.

"எத்தினிக்கு?" என்றார்.

"பதினொண்ணுக்கு எட்டு."

அப்பாவுக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. சந்தில் நாங்கள் ஆடும்போது ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அவர் என் முழங்கைச் சிராய்ப்பைத் துண்டால் ஒற்றினார்.

"எட்டு எடுத்தியா நீ?" என்றார்.

நான் அந்த எட்டையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.